மேசையைக் கவிழ்த்துப் பார்த்தீர்களா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை 1950, 60களின் மேசைகளைப் பற்றியவை. எனக்கு உயிரான விஷயம். அப்பா பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் மர வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு தண்டையார்பேட்டையில் அவர் போட்ட பட்டறையைத்தான் நான் இன்றும் நடத்துகிறேன். பழைய மேசைகளைப் பிரித்து, ஒட்டி, பாலிஷ் போட்டுக் கொடுப்பது வேலை.

அக்கா, எங்களுக்குப் போன வருடம்தான் கல்யாணம் ஆனது. கொளத்தூரில் புது ஃபிளாட். நான்கு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை ஒன்றை ‘மிட் செஞ்சுரி மாடர்ன்’ என்று நெட்டில் 68,000 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். சாய்ந்த குச்சிக் கால்கள், நுனியில் பித்தளைப் பூண். இது என்ன பாணி? இவ்வளவு விலை தகுமா?
— வாசகி, கொளத்தூர்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1960களின் கடைசி வரை உலகமெங்கும் பரவிய பாணி அது. செதுக்கல், கடைசல், சிங்கப்பாதக் கால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மரத்தின் ரேகையே போதும் என்று முடிவு செய்தவர்கள் உருவாக்கியது. கால்கள் மேலே தடித்துக் கீழே மெலிந்து, கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். மேல்பலகையின் விளிம்பை அடியில் சரித்து இழைத்திருப்பார்கள். பலகை ஒரு அங்குலக் கனம் இருந்தாலும் கண்ணுக்கு மெல்லியதாகத் தெரியும். டென்மார்க்கில் இதைத் தேக்கில் செய்தார்கள். தேக்கு அங்கே வளராது, நம் ஆசியாவிலிருந்து கப்பலில் போனது. அமெரிக்காவில் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் பிளைவுட்டை வளைத்து நாற்காலி செய்தார்கள். ஈரோ சாரினென் 1957ல் நான்கு கால்களையும் எடுத்துவிட்டு, நடுவில் ஒரே தண்டில் நிற்கும் மேசையைக் கொண்டுவந்தார்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. ஜார்ஜ் நகாஷிமா என்ற அமெரிக்க ஜப்பானியர், பின்னாளில் மர வேலையில் உலகப் புகழ் பெற்றவர், 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்கு வந்து தங்கி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் வேலையைப் பார்த்தார். அந்த விடுதிக்கான மரச்சாமான்களையும் வடிவமைத்தார். 1950களில் சண்டிகர் நகரம் எழும்பியபோது பியர் ஜான்னரே என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர் அங்கேயே குடியிருந்து, அரசு அலுவலகங்களுக்கான மேசை நாற்காலிகளுக்கு வரைபடம் போட்டார். 1958ல் ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். 1961ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட அதுதான் வழி காட்டியது.

என் பட்டறைக்கு வருகிற அந்தக் கால மேசைகளில் பெரிய பெயர் எதுவும் இருப்பதில்லை. புரசைவாக்கம், வேப்பேரி டாக்டர் வீடுகள், பெரம்பூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், ராயபுரத்து மாடி வீடுகள், இங்கிருந்துதான் வருகின்றன. படத்தைப் பார்த்தோ, வீட்டுக்காரர் கையால் வரைந்து கொடுத்ததை வைத்தோ நம் ஊர் ஆசாரிகள் செய்தவை. ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது அந்த ஆள் எவ்வளவு அக்கறையாக வேலை செய்திருக்கிறார் என்று தெரியும். நீங்கள் தேட வேண்டியது இந்த மேசைகளைத்தான் என்பது என் உறுதியான கருத்து. நம் வெயிலையும் உப்புக்காற்றையும் அறுபது வருடம் தாங்கி நிற்பவை அவை.

விலைக்கு வருவோம். மேல்பலகை 4 அடிக்கு 3 அடி, ஒரு அங்குலக் கனம் என்றால் சரியாக ஒரு கன அடி மரம். இரண்டரை அங்குலச் சதுரத்தில் நான்கு கால்களும் அடியில் சுற்றி வரும் சட்டமும் சேர்ந்து முக்கால் கன அடி. ஆக ஒன்றேமுக்கால். பக்கத்து மரவாடியில் பழைய முதல்தரத் தேக்கு கன அடி இன்று என்ன விலை என்று கேட்டு, ஒன்றேமுக்காலால் பெருக்குங்கள். அதோடு அதே அளவு பணத்தைக் கூலி, ரிப்பேர், பாலிஷ் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கேட்கும் தொகை கடை வாடகைக்கும் அந்த ஆங்கிலப் பெயருக்கும் போகிறது. கொஞ்சம் அதிகமாகக் கேட்டால் கொடுக்கலாம், தேடி அலைந்து எடுத்து வந்தவருக்கும் லாபம் வேண்டும். மூன்று நான்கு மடங்கு என்றால் வேண்டாம். எதுவானாலும், அடிப்பக்கத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கும் கடையை அத்துடன் விட்டுவிடுங்கள்.

பெரம்பூரில் ஒரு வியாபாரி எழுதும் மேசை ஒன்று வைத்திருக்கிறார். ‘ஐ.சி.எஃப். ஆரம்பித்தபோது வந்த சுவிஸ் இன்ஜினியர் வீட்டு டேபிள் சார்’ என்கிறார். நம்பி வாங்கலாமா? நிஜமாகவே பழையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், அயனாவரம்

ஐ.சி.எஃப்., அதாவது பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1955ல் நேருவால் திறந்து வைக்கப்பட்டது, ஒரு சுவிஸ் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு ஆரம்பித்தது, இரண்டும் உண்மை. அதனால்தான் அந்தக் கதை எளிதாக விற்கிறது. மேசையோடு ஒரு பழைய ரசீதோ, குடும்பப் புகைப்படமோ இருந்தால் கதைக்குக் காசு கொடுக்கலாம். இல்லையென்றால் மரத்துக்கும் வேலைக்கும் மட்டும் கொடுங்கள்.

பழமையைக் கண்டுபிடிக்க மேசையைக் கவிழ்க்க வேண்டும். மேல் பக்கத்தை யார் வேண்டுமானாலும் பாலிஷ் போட்டு ஏமாற்றலாம், அடியில் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து, இரண்டு பேராகப் பிடித்துக் கவிழ்த்து வையுங்கள். மேல்பலகையின் அடியில் உள்ளங்கையைக் குறுக்காக ஓட்டுங்கள். கை இழைப்புளியால் இழைத்த பலகையில் மெல்லிய அலை அலையாகக் கைக்குத் தட்டுப்படும். மெஷினில் இழைத்தது மொழுமொழுவென்று ஒரே சமமாக இருக்கும். அப்புறம் ஸ்க்ரூவைப் பாருங்கள். அந்தக் கால ஸ்க்ரூவின் தலையில் ஒரே நேர்க்கீறல் இருக்கும். ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால் பின்னால் மாற்றியிருக்கிறார்கள், அல்லது மேசையே பின்னால் செய்தது. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றச் சொல்லி, அது இருந்த குழியையும் பாருங்கள். பல வருடம் இருந்த ஸ்க்ரூவைச் சுற்றி மரம் கறுத்திருக்கும்.

இணைப்பில் எட்டிப் பார்க்கும் பசையும் சாட்சி சொல்லும். ஃபெவிக்கால் 1959ல்தான் வந்தது. அதற்கு முன் வச்சிரம், அதாவது மாட்டுத் தோல், எலும்பிலிருந்து எடுத்த பசையைக் காய்ச்சித்தான் ஒட்டினார்கள். காய்ந்த வச்சிரம் பழுப்பாக, கண்ணாடித் துண்டு போல உடையும். நகத்தால் சுரண்டினால் தூளாகும். வெள்ளையாக, ரப்பர் மாதிரி உரிந்து வந்தால் அது பிற்காலத்துப் பசை. அதனால் மேசை போலி என்று ஆகிவிடாது, ரிப்பேர் செய்தும் இருக்கலாம். ஆனால் எல்லா இணைப்பிலும் வெள்ளைப் பசையே இருந்து, ‘1950ல் செய்தது’ என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

வட்ட மேசை என்றால் இன்னொரு சோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. டேப்பை எடுத்து ரேகை ஓடும் திசையில் ஒரு முறையும், ரேகைக்குக் குறுக்கே ஒரு முறையும் விட்டத்தை அளந்து பாருங்கள். மரம் காய்ந்து சுருங்குவது குறுக்குவாட்டில்தான். அறுபது வருட முழுமரப் பலகையில் குறுக்களவு ஒன்றிரண்டு நூல் (ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம்) குறைந்திருக்கும். இரண்டும் துல்லியமாக ஒன்றாக இருந்தால் பலகை புதிது, அல்லது பிளைவுட்.

மேசையின் இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து, முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். புறாவின் வால் போல விரிந்த பற்களாக வெட்டி ஒன்றோடொன்று மாட்டியிருந்தால் நல்ல வேலை. ஆணி மட்டும் அடித்திருந்தால் சுமாரான வேலை, விலையைக் குறையுங்கள்.

அடியில் பெயின்ட்டில் எண்ணோ, துறையின் எழுத்தோ இருந்தால் கட்டாயம் விசாரியுங்கள். அரசு அலுவலகச் சாமான்களைக் கழித்து ஏலம் விடுவது வழக்கம். அப்படி வந்திருந்தால் ஏலச் சீட்டின் நகல் வியாபாரியிடம் இருக்க வேண்டும். சண்டிகரில் ஜான்னரே வடிவமைத்த நாற்காலிகளை உடைசல் என்று ஏலத்தில் தள்ளினார்கள். அவை வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விலை போன பிறகுதான் விழித்துக்கொண்டு 2011ல் மத்திய அரசு விற்பனைக்குத் தடை போட்டது. நம் மேசைக்கு அந்த அளவு சிக்கல் வராது. ஆனால் சீட்டு இல்லாத அரசுச் சாமான் வீட்டுக்கு வேண்டாம்.

அம்மா, மாமியார் வீட்டிலிருந்து வந்த டீப்பாயின் மேலே பழைய மைக்கா ஒட்டியிருக்கிறது. வெளிர் பச்சை, சின்னச் சின்ன கோடுகள். அதை உரித்துவிட்டு வினீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டலாமா?
— வாசகி, ராயபுரம்

உரிக்காதீர்கள், தயவுசெய்து. 1960களில் அந்த மைக்காதான் புதுமை, மேசை பிறந்ததே அந்த நிறத்தோடுதான். இன்று அந்த டிசைன் கடையில் கிடைக்காது. ஈரத்துணியில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு தொட்டுத் துடையுங்கள். விளிம்பு எழும்பியிருந்தால் உள்ளே பசை விட்டு, மேலே ஒரு பலகை வைத்து, அம்மிக்கல்லை ஏற்றி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். போதும்.

எங்கள் தாத்தா ரங்கூனிலிருந்து வந்தவர். அதனாலோ என்னவோ ‘பர்மா தேக்கு’ என்று கேட்டாலே வாங்கிவிடத் தோன்றுகிறது. எல்லாக் கடையிலும் எல்லா மேசையையும் பர்மா தேக்கு என்கிறார்கள். எப்படி நம்புவது?
— வாசகர், வியாசர்பாடி

உங்கள் தாத்தா மாதிரி எத்தனையோ குடும்பங்கள் 1960களில் எல்லாவற்றையும் அங்கே விட்டுவிட்டு வந்தன. அந்த மரத்தின் மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. அந்தப் பாசத்தை வியாபாரி கணக்கில் சேர்த்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

பாலிஷ் போட்ட பலகையைப் பார்த்து இது பர்மாவா, கேரளத்து நிலம்பூரா என்று உறுதியாகச் சொல்ல என்னாலும் முடியாது. நிலம்பூரில் 1840களிலிருந்தே தேக்குத் தோட்டம் உண்டு, அருமையான மரம். பர்மாக்காரர்கள் 2014லிருந்து உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டார்கள். எனவே ‘புதுசா வந்த பர்மா’ என்று யாராவது சொன்னால் எங்கிருந்து, எப்படி வந்தது என்று கேளுங்கள். இப்போது மரவாடிகளில் கானா போன்ற ஆப்பிரிக்க நாடுகளின் தோட்டத் தேக்குதான் நிறைய. சீக்கிரம் வளர்ந்த மரம் என்பதால் வளையங்கள் அகலமாக, வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிர்ப் பகுதி) அதிகமாக இருக்கும்.

ஊரைத் தேடுவதை விட்டுவிட்டுத் தரத்தைப் பாருங்கள். அடியில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். தேக்கு என்றால் எண்ணெய்ப் பசை விரலில் தெரியும், புதுத் தோல் செருப்பின் வாசனை அடிக்கும். பலகையில் சேகு (நடுவிலுள்ள வைரம் பாய்ந்த பகுதி) எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று பாருங்கள். உளுப்பூச்சி வெள்ளையைத்தான் முதலில் தின்னும், சேகை லேசில் தொடாது. ஊசித் துளைகள் தெரிந்தால் அதன் கீழே ஒரு கறுப்புக் காகிதத்தை ஒரு வாரம் விரித்து வைக்கச் சொல்லுங்கள். புதிதாக மாவு விழுந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் கதவு நிலை வரைக்கும் போய்விடும்.

வினீர் ஒட்டிய மேசை என்றால் மட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். டென்மார்க்கில் செய்த நல்ல மேசைகளிலேயே நிறைய வினீர்தான். மேலே ஓடும் ரேகை விளிம்பில் மடங்கிக் கீழே இறங்கினால் முழுமரம், விளிம்பில் நின்றுவிட்டால் வினீர். வினீர் மேசையை வாங்கலாம், ஆனால் அதில் உப்புத்தாள் மெஷினைப் போட விடாதீர்கள். தேய்ந்து அடிப்பலகை தெரிந்துவிட்டால் அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வட சென்னையில் இந்த மாதிரி மேசைகளை எங்கே தேடலாம்?
— வாசகர், திருவொற்றியூர்

மூர் மார்க்கெட் 1985ல் எரிந்ததோடு ஒரே இடத்தில் எல்லாம் கிடைத்த காலம் போய்விட்டது. பக்கத்து அல்லிக்குளம் வளாகத்தில் புத்தகம், சின்னச் சாமான்கள் கிடைக்கும், பெரிய மேசை அபூர்வம். பல்லாவரம் வெள்ளிச் சந்தைக்குப் போகலாம், காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் அங்கே செட்டிநாட்டு வேலைப்பாடுதான் அதிகம்.

நம் பக்கத்தில் நல்ல மேசை கிடைப்பது வீடு இடிக்கும் இடத்தில். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, புரசைவாக்கம், சூளை என்று எந்தத் தெருவிலும் ஏதாவது ஒரு பழைய வீடு அபார்ட்மென்ட் ஆகிக்கொண்டிருக்கிறது. இடிக்கும் கான்ட்ராக்டர் கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாவற்றுக்கும் மரவாடியில் ஏற்கனவே பேசியிருப்பார். மேசை நாற்காலிக்குப் பேசியிருக்க மாட்டார். வாசலில் மேஸ்திரியைக் கேளுங்கள். அதைவிட நல்லது, அந்த வீட்டுப் பெரியவர்களையே நேரில் போய்ப் பார்ப்பது. ‘உடைக்க மாட்டேன், சாப்பிட உட்காரத்தான் கேட்கிறேன்’ என்று சொன்னால் சந்தோஷமாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மட்டும் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதீர்கள்.

போகும்போது டேப், டார்ச், பெட்ஷீட் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு மாடிப்படியின் அகலத்தையும் திருப்பத்தையும் முதலிலேயே அளந்து எழுதி வையுங்கள். ஹவுசிங் போர்டு படிக்கட்டில் 5 அடி மேசை திரும்பாமல் கயிறு கட்டி வெளிப்பக்கமாக ஏற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்துக் கால்கள் பல இரும்புத் தட்டில் திருகி மாட்டியவை, கையாலேயே கழற்றலாம். கழற்றிவிட்டால் மீன்பாடி வண்டியே போதும், குட்டி யானை தேவையில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. அப்பா வாங்கிய சாப்பாட்டு மேசையின் கால்கள் இன்னும் கறுப்பாக இருக்கின்றன. இழுப்பறை உப்பித் திறக்கவே இல்லை. அவர் இப்போது இல்லை. தூக்கிப் போட மனசு வரவில்லை.
— வாசகி, எண்ணூர்

தூக்கிப் போட வேண்டாம். காப்பாற்றலாம்.

முதலில் இழுப்பறை. இழுத்து உடைக்காதீர்கள். மேசையைக் கவிழ்த்து, இழுப்பறை ஓடும் சட்டத்தின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் இழுப்பறை அடிவழியாக வரும். அதன் அடித்தட்டு பிளைவுட்டாக இருந்தால் அடுக்கு அடுக்காகப் பிரிந்திருக்கும். அதை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். இணைப்புகள் ஆடினால் பயப்படாதீர்கள். வச்சிரம் தண்ணீரில் கரையும், அதனால்தான் விட்டிருக்கிறது. பழைய பசையைச் சுடுநீர்த் துணியால் முழுக்கத் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவைத்துத் திரும்ப ஒட்டினால் முன்போலவே நிற்கும். வெயிலில் மட்டும் போடாதீர்கள், பலகை வளைந்துவிடும்.

கால்களில் உள்ள எண்ணெய்தான் கஷ்டம். வெளியில், காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு டர்பன்டைன் நனைத்த துணியால் ரேகை போகும் திசையில் துடையுங்கள். துணி கறுத்தவுடன் மாற்றுங்கள். துடைத்த துணிகளைச் சுருட்டி வைக்காமல் வெளியே விரித்துக் காயப்போடுங்கள், பக்கத்தில் அடுப்பு கூடாது. பக்கவாட்டில் பெரும்பாலும் போய்விடும். காலின் அடிநுனி வழியாக உள்ளே உறிஞ்சியது போகாது. அதன் மேல் எந்தப் பாலிஷும் பிடிக்காது. நல்ல ஆசாரியிடம் கொடுத்து அந்த நுனியை மட்டும் வெட்டி, அதே அளவுக்குத் தேக்குத் துண்டு ஒட்டச் சொல்லுங்கள். வெட்டிய இடம் தெரியக் கூடாது என்றால் அதைச் சுற்றிப் பித்தளைப் பூண் போடலாம், அந்தப் பாணிக்குப் பொருத்தமாகவே இருக்கும். உங்கள் அப்பாவின் மேசையை நேரில் பார்க்க விரும்புகிறேன். பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், நானே வருகிறேன்.

பழைய மேசை வாங்கினோம். புது நாற்காலியில் உட்கார்ந்தால் தொடை இடிக்கிறது. ஏன்?
— வாசகி, புரசைவாக்கம்

அந்தக் கால மேசையின் உயரம் 28 அங்குலம் இருக்கும், இப்போது 30 வரை செய்கிறார்கள், புது நாற்காலியும் அதற்குத் தகுந்த உயரம். நாற்காலி இருக்கைக்கும் மேல்பலகைக்கும் நடுவே 10 முதல் 12 அங்குலம் வேண்டும். சட்டம் அகலமாக இருந்தால் இன்னும் இடிக்கும். இருக்கை 17 அங்குலத்தில் உள்ள நாற்காலியைத் தேடுங்கள், மெத்தை வேண்டாம்.

எங்களிடம் ஆறு பேர் உட்காரும் பழைய மேசை இருக்கிறது. வீடு சின்னது. காலை வெட்டி டீப்பாய் ஆக்கித் தருகிறேன் என்கிறார் ஆசாரி. செய்யலாமா?
— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

வேண்டாம். சாய்ந்த கால்களைப் பாதியில் வெட்டினால் மெலிந்து இறங்கும் அந்த அழகு போய்விடும். தடித்த கட்டைதான் மிஞ்சும். கால்கள் வெளிப்பக்கம் விரிந்திருப்பதே 28 அங்குல உயரத்துக்குக் கணக்குப் போட்டுத்தான். ஆறு பேருக்கான மேசையைத் தேடி அலையும் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களுக்கு விற்றுவிட்டு அந்தப் பணத்தில் அதே காலத்து டீப்பாய் ஒன்றை வாங்கலாம்.

விற்க மனம் இல்லை என்றால், கால்கள் திருகிக் கழற்றும் வகையா என்று பாருங்கள். ஆம் என்றால் கடைசல் பட்டறையில் 16 அங்குல உயரத்தில் நான்கு கால்கள் புதிதாகச் செய்து மாட்டிக்கொள்ளுங்கள். பழைய கால்களில் எது எந்த மூலைக்கு என்று சாக்பீஸால் எண் போட்டுப் பரணில் வைத்துவிடலாம். கழற்ற முடியாத கால்கள், வெட்டித்தான் ஆகவேண்டும் என்று ஆசாரி சொன்னால், வெட்டுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.